பூட்டிய வீடுகளும் பதினாறு வயதுப் பையன்களும்: உள்ளாட்சி எதில் பணம் போட வேண்டும்?

ஒரு தெருவில் ஏழெட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டில் கூரை விழுந்துவிட்டது. நடுநடுவே காலிமனைகள். அவற்றில் இடுப்பளவு புதர், கட்டட இடிபாடு, யாரோ இரவோடு இரவாகக் கொண்டுவந்து போட்ட பழைய டயர்கள். இருட்டினால் அந்தப் பக்கம் யாரும் தனியாகப் போவதில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் நாலு பேர் மட்டும் அங்கே கூடுகிறார்கள். போன மாதம் ஒரு அடிதடி, அதற்கு முந்தைய மாதம் ஒரு கத்திக்குத்து. வார்டுக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: ஏதாவது செய்யுங்கள்.

அந்த 'ஏதாவது' என்னவாக இருக்கலாம்? பையன்களுக்கு இரவு ஊரடங்கு போடலாம். சிறையைக் காட்டி மிரட்டலாம். வீடுகளை இடித்துத் தள்ளலாம். மனைகளைச் சுத்தம் செய்யலாம். விளக்குப் போடலாம். இளைஞர் மன்றம் திறக்கலாம், விடுமுறையில் வேலை கொடுக்கலாம், ஆலோசகரை வைக்கலாம். கும்பல்களை நேரில் கூப்பிட்டுப் பேசலாம். எல்லாவற்றுக்கும் பணம் கிடையாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். இவை ஒவ்வொன்றையும் எங்காவது ஒரு நகரம் செய்து பார்த்திருக்கிறது. சிலவற்றை நன்றாகவே அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த அனுபவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரடங்குக்கும் மிரட்டலுக்கும் ஒரு காசும் வேண்டாம். முதல் பணம் மனைக்கும் விளக்குக்கும் போக வேண்டும். அடுத்த பணம் எல்லா இளைஞர்களுக்கும் என்று தூவப்படாமல், மிகச் சில பேருக்குப் போக வேண்டும். எதைத் தேர்ந்தாலும் 'இதனால் எவ்வளவு குறையும்' என்பதோடு 'பத்தாவது வருஷமும் இதைச் செய்துகொண்டிருப்போமா' என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்று ஏன் நினைக்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

எந்தக் கணக்கை நம்புவது?

இந்த விஷயத்தில் 'திட்டத்துக்கு முன்பு இத்தனை, பின்பு இத்தனை' என்று காட்டும் கணக்குகளை நான் நம்புவதில்லை. குற்றம் உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் கூட்டம் போட்டு நடவடிக்கை எடுக்கிறோம். உச்சத்துக்கு அடுத்த மாதம், ஒன்றுமே செய்யாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் தணிந்துதான் இருக்கும். அந்தத் தணிவுக்கான பெயரை நடுவில் நாம் செய்த ஏதோ ஒன்று தட்டிக்கொண்டு போய்விடும். அதனால் ஒரே மாதிரியான இடங்களையோ ஆட்களையோ குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் செய்து மறு பாதியை அப்படியே விட்டு ஒப்பிட்ட சோதனைகளுக்கு நான் அதிக மதிப்புத் தருகிறேன். அப்படிச் செய்ய முடியாத இடங்களும் உண்டு. அங்கே கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படிக்க வேண்டும்.

குற்றம் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதும் முக்கியம். 1945-ல் பிறந்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்த 9,945 பையன்களின் போலீஸ் பதிவுகளைக் குற்றவியல் ஆய்வாளர் மார்வின் வுல்ஃப்காங்கும் அவர் குழுவினரும் தொடர்ந்து பார்த்து 1972-ல் வெளியிட்டார்கள். பதினெட்டு வயதுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பையன்கள் ஒருமுறையாவது பதிவில் வந்திருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த ஒருமுறையோடு சரி, மறுபடி வரவே இல்லை. ஆனால் 627 பேர், அதாவது மொத்தத்தில் 6 சதவீதம் பேர் மட்டும், பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். இடங்களும் அப்படித்தான். சியாட்டில் நகரத்தின் 14 வருஷப் பதிவுகளை டேவிட் வைஸ்பர்ட் குழு தெருத் தெருவாகப் பிரித்துப் பார்த்தபோது, 4, 5 சதவீதத் தெருத் துண்டுகளிலேயே பாதிக் குற்றம் நடந்திருந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. பெரும்பாலான பையன்கள் தாமாகவே திருந்திவிடுவார்கள். அவர்கள் விஷயத்தில் நாம் செய்யக்கூடிய பெரிய நல்லது, கெடுக்காமல் இருப்பது. அப்புறம், 'ஊர் முழுக்க' என்று தொடங்கும் எந்தத் திட்டமும் தன் பணத்தில் பெரும்பகுதியைத் தேவையில்லாத தெருவிலும் தேவையில்லாத ஆளிடமும் செலவழிக்கப் போகிறது.

மலிவாகத் தோன்றும் இரண்டு வழிகள்

இரவு ஊரடங்குக்கு உள்ள கவர்ச்சி புரிகிறது. ஒரு தீர்மானம் போட்டால் போதும், செலவு இல்லை, மறுநாளே 'நடவடிக்கை எடுத்தோம்' என்று சொல்லிவிடலாம். ஆனால் இதுவரை வந்த நல்ல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களால், ஊரடங்கால் இளைஞர் குற்றம் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. வாஷிங்டன் நகரத்தில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. ஆய்வு நடந்த காலத்தில் அங்கே கோடையில் நள்ளிரவுக்குத் தொடங்கிய ஊரடங்கு, செப்டம்பர் 1 முதல் வார நாட்களில் இரவு 11 மணிக்கே தொடங்கியது. துப்பாக்கிச் சத்தத்தைப் பதிவு செய்யும் ஒலிக் கருவிகள் நகரத்தில் இருந்தன. அந்தப் பதிவுகளை ஜிலியன் கார், ஜெனிஃபர் டோலியாக் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ஊரடங்கு முன்னே நகர்ந்த அந்த ஒரு மணி நேரத்தில் துப்பாக்கிச் சூடு குறையவில்லை. இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. ஊரடங்குக்குப் பயந்து வீட்டுக்குப் போகிறவர்கள் ஒழுங்காக இருப்பவர்கள். அவர்கள் போனதும் தெருவில் பார்க்கக் கண் இல்லை. போலீஸாரும் பையன்களை நிறுத்தி வயது கேட்பதில் நேரம் செலவழிக்கிறார்கள்.

இங்கே ஐஸ்லாந்தைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே இளைஞர்கள் வெளியே இருக்கலாகாத நேரம் என்று சட்டமே உண்டு. 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்தவர்கள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5 சதவீதம். உண்மைதான். ஆனால் அங்கே இரவில் தெருவில் நடந்தவர்கள் பெற்றோர்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நகராட்சி பணம் கொடுத்தது. ஒவ்வொரு பள்ளியிலும் கணக்கெடுத்து முடிவை அந்தப் பெற்றோரிடமே காட்டினார்கள். அவ்வளவையும் விட்டுவிட்டு நேரக் கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் நம் கைக்கு வருவது வெறும் தடை உத்தரவு.

மிரட்டல் இன்னும் மோசம். 1970-களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் தொடங்கிய திட்டம் இது. வழி தவறும் பையன்களைச் சிறைக்குள் அழைத்துப்போவார்கள். கைதிகள் அவர்கள் முகத்துக்கு முகம் நின்று கத்தி, சிறை வாழ்க்கையின் கொடூரத்தைச் சொல்லுவார்கள். அதைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்ததும் நாடு முழுக்கப் பரவியது. பார்த்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பியிருப்பேன். ஆனால் 1967 முதல் 1992 வரை இந்த வகைத் திட்டங்களை அளந்த 9 குலுக்கல் சோதனைகளை ஆன்டனி பெட்ரோசினோ குழு தொகுத்தது. சிறையைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள், பார்க்காத பையன்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். பலன் இல்லை என்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இது கெடுதலே செய்தது. சின்னத் தப்புக்கு வழக்குப் போட்டு நீதிமன்றம் வரை இழுப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். எச்சரித்து அனுப்பியதைவிட அது நல்ல பலன் தந்ததாகச் சோதனைகள் காட்டவில்லை.

இடிப்பதா, சுத்தம் செய்வதா?

நகரங்கள் பெரும்பாலும் தப்பாகத் தேர்வு செய்வது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பாழடைந்த இடமும் குற்றமும் கூடவே இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியும். ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருகிறதா? 2008-ல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்தில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். தபால்பெட்டியில் பாதி வெளியே தெரியும்படி ஒரு உறை. உள்ளே 5 யூரோ நோட்டு வெளியிலிருந்தே தெரியும். பெட்டி சுத்தமாக இருந்தபோது 13 சதவீதம் பேர் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டியில் கிறுக்கியிருந்தபோது 27 சதவீதம், சுற்றிலும் குப்பை கிடந்தபோது 25 சதவீதம். அதே தெரு, அதே மாதிரி ஆட்கள்.

உடைந்த ஜன்னலை அப்படியே விட்டால் மற்ற ஜன்னல்களும் உடையும் என்ற கருத்து 1982 முதல் பேசப்படுகிறது. வருத்தம் என்னவென்றால், பல நகரங்கள் அதைப் படித்துவிட்டு ஜன்னலைச் சரிசெய்யவில்லை. ஜன்னல் பக்கத்தில் நின்றவர்களைப் பிடித்தன. சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் கைது செய்யும் அந்தக் கெடுபிடி முறையால் குற்றம் குறிப்பிடும்படி குறையவில்லை என்று பிற்காலத் தொகுப்பாய்வு சொல்கிறது. அதே ஆய்வில், பகுதி மக்களோடு சேர்ந்து குறிப்பிட்ட இடத்தின் குறிப்பிட்ட பிரச்சினையைத் தீர்த்த முறைக்குப் பலன் தெரிந்தது.

ஜன்னலைச் சரிசெய்த நகரம் ஃபிலடெல்ஃபியா. அங்கே பல்லாயிரம் காலிமனைகள் இருந்தன. பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் நகராட்சியோடு சேர்ந்து செய்த வேலையில் நவீனம் என்று ஒன்றுமில்லை. குப்பையை அள்ளினார்கள், நிலத்தைச் சமப்படுத்தினார்கள், மண் போட்டுப் புல் விதைத்தார்கள், நாலைந்து மரம் நட்டார்கள். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு மரவேலி, அதில் ஆள் நுழைய இடைவெளி. வண்டி உள்ளே வந்து குப்பை கொட்ட முடியாது. பிள்ளைகள் போய் விளையாடலாம். அப்புறம் மாதாமாதம் ஆள் வந்து புல்லை வெட்டிக் குப்பை பொறுக்குவார்.

சார்ல்ஸ் ப்ரானாஸ் குழு 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. சிலவற்றில் முழு வேலை, சிலவற்றில் சுத்தம் மட்டும், மீதியில் ஒன்றுமில்லை. முடிவு 2018-ல் வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம், வீடு புகுந்து திருடுவது 22 சதவீதம் குறைந்திருந்தன. வெளியே போகப் பயமாக இருக்கிறது என்ற கவலை 58 சதவீதம் குறைந்தது. வெளியில் உட்கார்ந்து மற்றவர்களோடு பழகுவது 76 சதவீதம் கூடியது. முழு வேலை செய்த மனைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களிடம் மனச்சோர்வுகூட 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. குப்பையை மட்டும் அள்ளிய மனைகளுக்குப் பக்கத்தில் அந்த மாற்றம் தெளிவாகத் தெரியவில்லை. பச்சைக்கென்று ஏதோ ஒரு தனி வேலை இருக்கிறது.

துப்பாக்கி வன்முறை எப்படிக் குறையும், புல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உரிமம் இல்லாத துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தால் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒளித்து வைப்பார்கள். இடுப்பளவு புதர் அதற்கு வாகான இடம். வெட்டிய புல்லில் எதையும் ஒளிக்க முடியாது. தவிர, திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும் தெருவில் சண்டை போடுவதும் கொஞ்சம் கஷ்டம்.

செலவைப் பாருங்கள்: ஒரு மனைக்குச் சுமார் 1,600 டாலர், பராமரிப்புக்கு வருஷம் 180 டாலர். போட்ட ஒவ்வொரு டாலருக்கும் வரி கட்டுபவர்களுக்கு 26 டாலர் மிச்சம் என்று 2016-ல் கணக்குப் போட்டார்கள். அந்த 26-ஐ நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். எந்த மிச்சக் கணக்கிலும் ஊகம் கலந்திருக்கும். பாதியாக வெட்டினாலும், மறுபடி பாதியாக வெட்டினாலும் லாபம்தான்.

சரி, இடிப்பு? கூரை விழுந்த, தீப்பிடித்த வீட்டை இடிக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. டெட்ராய்ட் நகரம் ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்திருக்கிறது. 2020-ல் அங்கே வாக்காளர்கள் இதற்காக 25 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஆனால் ஒரு வீட்டை இடிக்கும் பணத்தில் பல மனைகளைச் சுத்தம் செய்யலாம். அதைவிட முக்கியம், இடித்த வீடு மறுநாள் காலிமனையாகிவிடுகிறது. அதற்குப் புல் வெட்டும் செலவை யாரும் ஒதுக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் மறுபடி புதர்தான். இடிப்பைப் படம் பிடிக்கலாம், விழா நடத்தலாம். புல் வெட்டுவதற்கு யாரும் விழா வைப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, இடிப்புக்குக் கிடைக்கும் பணம் வெட்டுக்குக் கிடைப்பதில்லை.

சுவர் நன்றாக இருக்கும் வீடுகளுக்கு நடு வழி ஒன்று உண்டு. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் பலகை அடித்து மூடாமல், வேலை செய்யும் கதவும் ஜன்னலும் மாட்ட வேண்டும் என்று 2011-ல் ஃபிலடெல்ஃபியா உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தியது. சீர்செய்த கட்டடங்களைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 39 சதவீதம் குறைந்ததாக ஒரு ஆய்வு. இது குலுக்கல் சோதனை இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் செலவு உரிமையாளருடையது. நகராட்சிக்கு வேண்டியது நோட்டீஸ் அனுப்பும் விடாப்பிடி மட்டும். பலகை அடித்த வீடு 'இங்கே யாரும் இல்லை' என்று ஊருக்கே அறிவிக்கிறது. கண்ணாடி ஜன்னல் உள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016-ல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்பு வளாகங்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த இடங்களுக்குப் பெரிய விளக்குக் கோபுரங்களைக் கொண்டுவைத்தார்கள். இரவில் வெளியே நடக்கும் கடுமையான குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன. சீக்கிரம் செய்யலாம், யாரையும் காயப்படுத்தாது. குடியிருப்பவர்களின் ஜன்னலுக்குள் அடிக்காமல் வைத்தால் போதும்.

ஆட்களுக்குச் செலவழிப்பது

மனைகளைச் சரிசெய்துவிட்டால் அந்த நாலு பையன்கள் எங்கே போவார்கள்? இடத்தை மட்டும் பார்க்கும் எந்தத் திட்டத்திடமும் இதற்குப் பதில் இல்லை.

விடுமுறை வேலையிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். 2012-ல் சிகாகோ நகரம், வன்முறை அதிகமுள்ள பகுதிகளின் 13 பள்ளிகளிலிருந்து விண்ணப்பித்த 1,634 மாணவர்களில் குலுக்கல் போட்டு ஒரு பகுதியினருக்கு எட்டு வார வேலை கொடுத்தது. வாரம் 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலி, வழிகாட்ட ஒரு பெரியவர். ஆளுக்குச் சுமார் 3,000 டாலர் செலவு. சாரா ஹெல்லர் அவர்களை 16 மாதம் தொடர்ந்து பார்த்தார். வன்முறைக் குற்றத்துக்குக் கைதாவது 43 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு வந்தது. அதாவது 'வேலையில் இருந்ததால் தெருவில் இல்லை' என்பது மட்டும் காரணமில்லை. அந்த எட்டு வாரத்தில் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். நேரத்துக்கு வருவது, மேலாளர் திட்டினால் பொறுத்துக்கொள்வது, தன் உழைப்புக்குப் பணம் கையில் வாங்குவது. திருட்டு போன்ற மற்றக் குற்றங்களில் இந்தக் குறைவு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் குலுக்கல் மூலம் கோடை வேலை கிடைத்தவர்களைப் பார்த்தால், பிற்காலச் சம்பளம் கூடவில்லை. ஆனால் சிறைக்குப் போனவர்களும் இளம் வயதில் இறந்தவர்களும் குறைவு. வேலைத் திட்டம் என்று பெயர் வைத்து, பத்து வருஷம் கழித்துச் சம்பளத்தை அளந்து 'தோல்வி' என்று மூடிவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சினத்துக்கும் செயலுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளியைப் பழக்கும் குழுக்கள். இதுவும் சிகாகோதான். பள்ளி நேரத்திலேயே வாரம் ஒரு மணி நேரம், பையன்களின் ஒரு சிறு குழு, ஒரு ஆலோசகர். முதல் பயிற்சிகளில் ஒன்று: ஒருவன் கையில் பந்து, மற்றவன் அதை 30 விநாடியில் வாங்க வேண்டும். எல்லாரும் விரலைப் பிரிப்பார்கள், கையை முறுக்குவார்கள், கட்டிப் புரள்வார்கள். முடிந்ததும் ஆலோசகர் கேட்பார்: 'பந்தைக் கொடு என்று யாராவது கேட்டீர்களா?' கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அது வெறும் பந்துதானே என்று எதிரில் இருந்தவன் சொல்லுவான். இரண்டு குலுக்கல் சோதனைகளிலும், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் கைதுகள் ஏறத்தாழப் பாதியாகின. ஆனால் திட்டம் முடிந்த பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை. ஒரு வருஷம் நடத்திவிட்டு விட்டால் ஒரு வருஷப் பலன்தான்.

மூன்றாவது, இளைஞர் மன்றம். இதில் இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. லண்டனில் 2010 முதல் 2019 வரை ஏறத்தாழ 30 சதவீத மன்றங்கள் மூடப்பட்டன. பக்கத்தில் மன்றத்தை இழந்த இளைஞர்கள் குற்றத்தில் ஈடுபடுவது 14 சதவீதம் கூடியது, தேர்வு மதிப்பெண்ணும் இறங்கியது என்று 2024-ல் வந்த ஆய்வு காட்டியது. மூடியதால் மிச்சமான ஒவ்வொரு பவுண்டுக்கும் கிட்டத்தட்ட மூன்று பவுண்டு வேறு வழியில் செலவானது. மறுபக்கம் 1939-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வு. 506 சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வருஷக்கணக்கில் ஆலோசகர், பாடம், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் பல விஷயங்களில் மற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அதிலும் முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் அதிகக் கெடுதல். முரட்டுப் பையன்களை மட்டும் ஒரே இடத்தில் கூட்டினால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் இப்படித்தான் எடுத்துக்கொள்வேன்: எல்லா வகைப் பிள்ளைகளும் வந்துபோகும், பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்கும் மன்றத்தை மூடாதீர்கள். 'வழி தவறியவர்களுக்காக' என்று பலகை மாட்டிப் புதிதாக ஒன்றைத் திறக்காதீர்கள்.

கொலை நடந்துகொண்டிருக்கும்போது

மேலே சொன்னதெல்லாம் சில மாதமாவது பொறுமை இருக்கும் இடத்துக்கு. கும்பலுக்குக் கும்பல் பழிவாங்கி வாரம் ஒரு பிள்ளை சாகும் இடத்தில் புல் முளைக்கக் காத்திருக்க முடியாது. அங்கே பார்க்க வேண்டியது பாஸ்டன். 1990-களின் நடுவில் டேவிட் கென்னடி, ஆன்டனி ப்ராகா ஆகியோர் போலீஸாரோடு உட்கார்ந்து வரைபடம் போட்டார்கள். 61 கும்பல்கள், அவற்றில் சுமார் 1,300 பேர். நகரத்து இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் அவர்களைச் சுற்றி நடந்தது.

1996-ல் கும்பல்களை நேரில் கூப்பிட்டார்கள். மேடையில் போலீஸ் மட்டும் இல்லை. தேவாலய ஊழியர்கள், தெருப் பணியாளர்கள், சமூக உதவி செய்பவர்களும் இருந்தார்கள். செய்தி இரண்டு: நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும், வேலையோ படிப்போ என்ன உதவி வேண்டும், கேளுங்கள், கொலை நடந்தால் அந்தக் கும்பல் முழுவதன் மீதும் எங்கள் கவனம் திரும்பும். மாதாந்திர இளைஞர் கொலை 63 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் மற்ற நகரங்களிலும் குறைந்துகொண்டிருந்தது என்பதால் இந்த எண்ணின் அளவைப் பற்றி வாதம் உண்டு. பலன் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு பல நகரங்கள் இதை எடுத்துக்கொண்டன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005-ல் காவல்துறையே வன்முறைத் தடுப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, கத்திக்குத்தை ஒரு தொற்றுநோயைப் போலக் கையாண்டது. 2008-ல் கும்பல்களை நீதிமன்றத்துக்கே அழைத்து உட்கார வைத்தது.

ஆனால் பாஸ்டன் கதையில் அடுத்த பக்கமும் இருக்கிறது. 2000-ஐ ஒட்டி, குற்றம் குறைந்துவிட்டது என்று ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள், கூட்டங்கள் நின்றன. கொலைகள் மறுபடி ஏறின. 2007-ல் அதே முறையைத் திரும்பத் தொடங்க வேண்டி வந்தது. நடுவில் இறந்த பிள்ளைகள் திரும்பி வரப் போவதில்லை.

எப்படி முடிவெடுப்பது

வெட்டாத புல், முடிந்துபோன பயிற்சிக் குழு, கலைந்துபோன பாஸ்டன் கூட்டம் எல்லாம் ஒரே இடத்தில்தான் கெட்டன. தொடங்கப் பணம் இருந்தது, தொடரப் பணம் இல்லை. அதனால்தான் எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் இரண்டாம் வருஷப் பக்கத்தைக் காட்டச் சொல்லுவேன். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், முதல் வருஷத்தின் அளவைப் பாதியாக்கி மீதியை அங்கே போடச் சொல்லுவேன். நூறு மனையைச் சுத்தம் செய்து ஒரு வருஷத்தில் விடுவதைவிட, நாற்பது மனையைப் பத்து வருஷம் வைத்திருப்பது மேல்.

பணம் மிகக் குறைவு, ஒரே ஒரு வேலைதான் முடியும் என்றால், புகார் அதிகம் வரும் நாலைந்து தெருக்களின் காலிமனைகளும் தெருவிளக்குகளும். இதற்குப் பெரும்பாலும் யார் அனுமதியும் வேண்டியதில்லை. நீதிமன்றமும் சிறையும் உள்ளாட்சியின் கையில் இல்லை, குப்பையும் விளக்கும் இருக்கின்றன. உரிமையாளருக்கு நோட்டீஸ், கெடு, பதில் இல்லையென்றால் நகராட்சியே சுத்தம் செய்து செலவை மனையின் வரிக் கணக்கில் ஏற்றுவது. உள்ளூர்ச் சட்டம் அதற்கு இடம் தராவிட்டால், முதல் தீர்மானம் அந்தச் சட்டத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் விடுமுறை வேலை. விண்ணப்பித்தவர்களில் மதிப்பெண் நன்றாக உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லா அலுவலருக்கும் வரும், ஏனென்றால் அவர்களால் புகார் வராது. அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் பணம் வீண். ஏற்கெனவே போலீஸ் பதிவில் இரண்டு மூன்று முறை வந்தவர்களுக்குத்தான் இடம் ஒதுக்க வேண்டும். இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் அந்தக் கூட்டத்துக்குள் வெளிப்படையாகக் குலுக்கல் போடுங்கள். அது நியாயமாகவும் இருக்கும், இரண்டு வருஷம் கழித்துப் பலன் இருந்ததா என்று பார்க்கவும் உதவும். கும்பல் கொலை நடக்கும் ஊராக இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றி, பாஸ்டன் முறையை முதலில் வையுங்கள்.

மனைக்கும் ஆளுக்கும் தனித்தனி நிதி என்று பிரிப்பது அலுவலகப் பழக்கம். தெருவில் அப்படி ஒரு பிரிவு இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் புல் வெட்டும் ஒப்பந்தங்கள் பகுதியிலுள்ள சிறு குழுக்களுக்கும் போகின்றன. சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கும் தோட்ட வேலை பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரத்தில் பல காலிமனைகளைப் பராமரிப்பவை அந்தந்தப் பகுதிச் சங்கங்கள். கைவிடப்பட்ட மனைகளை எடுத்து நிர்வகிக்கும் 'நில வங்கி' என்ற பொது அமைப்பு அவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன தெருவில் புல் வெட்ட ஆள் வேண்டும். மாதம் இரண்டு முறை, கூலியோடு, சொல்லிக்கொடுக்க ஒரு மேஸ்திரியோடு. ஆள் எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால், மாலையில் அந்தப் புதருக்குப் பக்கத்தில் கூடும் நாலு பேரிடம் போய்த்தான் முதலில் கேட்பேன்.